இரட்டைக் கட்டில் போர்வை

மொரப்பூர்
8 செப்டம்பர் 2024

என் அரசிக்கு,

மாதா பிறந்தநாள் பூசை முடிந்து வந்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. படியேறினால் முட்டி மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அதையும் ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டாயா?

தம்பி ஆரோக்கியராஜ் ஓசூரிலிருந்து எனக்கு ஒரு எம்பிராய்டரி மெஷின் அனுப்பியிருக்கிறான். "அக்கா, சும்மா உக்காந்து எதயாச்சும் யோசிச்சிக்கிட்டு இருக்காத. இதுல எதனா போட்டுத் தெச்சிக்கிட்டு இரு" என்று போனில் உத்தரவு. நான் யோசிப்பதில் அவனுக்கு என்ன கஷ்டமோ தெரியவில்லை.

மெஷினைப் பற்றிச் சொல்கிறேன். துணியை ஃபிரேமில் இறுக்கி மாட்டி, டிசைனைத் திரையில் தொட்டுவிட்டால் அதுவே தைக்கிறது. என் கைக்கு வேலையே இல்லை. நூல் அறுந்தால் கீக் கீக் என்று கூப்பிடும். கோத்துக் கொடுக்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். இத்தனை வருஷம் ஜாக்கெட் தைத்தவளைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டான். ஆனாலும் வீட்டுக்குள் ஏதோ ஒரு சத்தம் இருக்கிறதல்லவா, அது பிடித்திருக்கிறது.

உனக்கு ஒரு போர்வை தைக்கப்போகிறேன். மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சு விரிப்பு. மூன்றையும் சேர்த்து மெஷின் கொடிகொடியாகத் தைத்துவிடும். குயில்ட் என்கிறார்கள். அந்த மலைக்குளிருக்கு அதுதான் சரி.

அடுத்த ஆகஸ்டில் உனக்கு நித்திய வார்த்தைப்பாடு என்று எழுதியிருந்தாய். காலமெல்லாம் கன்னியாஸ்திரியாக இருப்பேன் என்று அந்த வார்த்தையைக் கொடுத்துவிட்டால் பிறகு நீ வீட்டுக்கு வர முடியாது என்று தெரியும். அதற்கு முன்னால் எந்த நாளும் வந்துவிடலாம் என்பதும் தெரியும். உன்னை மடத்தில் கொண்டுபோய் விட்ட அன்று உங்கள் தலைவி மதரே என்னிடம் சொன்னதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் கட்டில் எவ்வளவு அகலம் என்று மட்டும் எழுது.

உன் அக்கா
பூவிழி


குன்னூர் மடம்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முட்டிக்காகத் தனியாக ஒரு ஜெபமாலை சொன்னேன். எண்ணெய் தேய்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன். இந்த வாரம் முழுக்க முள்ளங்கிதான். எங்கள் தோட்டத்தில் முள்ளங்கிக்கு மட்டும் தனி ஆசீர்வாதம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுதத் துடித்தேன். மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம் என்பதால் பொறுத்திருந்தேன். அதிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் எழுதக்கூடாது. நல்ல வேளை, அதற்குள் இன்னும் இரண்டு கடிதம் பாக்கி இருக்கிறது.

கட்டில் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை அக்கா. பலகை, இரண்டரை அடி அகலம். புரண்டு படுத்தால் கீழே விழ வேண்டியதுதான். நிறம் பழுப்போ வெள்ளையோதான் இருக்கலாம். இன்னொன்று, இங்கே எதையும் எனது என்று வைத்துக்கொள்ள முடியாது. நீங்கள் அனுப்பினாலும் அது மடத்துக்குத்தான். யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு மதர் கொடுப்பார். வருத்தப்படாதீர்கள்.

ஒருமுறை வந்து பார்க்கக் கூடாதா? என்னை விட்டுப்போன பிறகு இந்த ஐந்து வருஷத்தில் ஒரே தடவைதான் வந்தீர்கள். அன்றும் நமக்கு நடுவில் இருந்த கம்பித் தடுப்பைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டீர்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது நான்தான் அக்கா, நீங்கள் வளர்த்த அதே அரசி.

ஜெபத்தில் உங்களை மறவாத
அன்பரசி


மொரப்பூர்
20 அக்டோபர் 2024

என் அரசிக்கு,

நலமாக இருக்கிறேன். எண்ணெய் தேய்க்கிறேன். முள்ளங்கியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, சீரகம் போட்டுக்கொள்.

போர்வை ஆரம்பித்தாயிற்று. நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டுமாம், ஓரத்தில் தொடங்கினால் துணி சுருங்கி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளுமாம். நான் ஓரத்தில் தொடங்கி, சுருங்கியதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பிரித்து நடுவுக்கு வந்தேன். ஃபிரேம் ஒரு சாண் துணியைத்தான் பிடிக்கும். தைத்தபின் கழற்றி, அடுத்த சாணுக்கு மாட்டி, விட்ட இடத்தில் கொடியைத் தொடர வேண்டும். நூலிழை பிசகினாலும் கொடி ஒடிந்த மாதிரி தெரியும். தனித்தனிச் சதுரமாகத் தைத்து ஒட்டிக்கொள்ளச் சொல்கிறான் ஆரோக்கியராஜ். எனக்கு ஒட்டே இல்லாமல் முழுசாக வேண்டும். கனம் மெஷினை இழுக்காமல் இருக்க, சுற்றிலும் நாற்காலிகளைப் போட்டுப் போர்வையைத் தாங்க வைத்திருக்கிறேன். ஆள் இல்லாத வீட்டில் நாற்காலிகளுக்காவது வேலை கிடைத்தது.

நேற்று பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க்கா, வூட்டுக்கு யாரோ வந்துட்டாங்க, பேச்சுச் சத்தமாவே கெடக்குதுன்னு பாத்தேன். மிசினுங்களா?" என்றாள். வந்தவளுக்கு ஏமாற்றம். எனக்கும்தான்.

பழுப்புத் துணிதான் போட்டிருக்கிறேன், உன் மதர் பயப்பட வேண்டாம். அகலம் மட்டும் ஆறடி. துணி அப்படி வந்துவிட்டது. மீந்தால் மடித்துப் போர்த்திக்கொள்ளேன்.

உன்னைப் பார்க்க வருவது பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா
பூவிழி


குன்னூர் மடம்
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் தம்பி அண்ணன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். "தம்பி அண்ணன்" என்று நான் கூப்பிடுவதை அவர் பிள்ளைகள் இன்னமும் கேலி செய்கிறார்களா? உங்களுக்குத் தம்பி, எனக்கு அண்ணன். நான் என்ன செய்வேன்?

திருவருகைக் காலம் தொடங்கப்போகிறது. இனிக் கிறிஸ்துமஸ் முடிந்துதான் எழுத முடியும். அதனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் எனக்கு நன்றாக இல்லை. உடம்பு அல்ல, மனசு. துணி துவைக்கும் இடத்தில் ஒருநாள் காரணமே இல்லாமல் அழுதேன். அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. அம்மா என்று நினைத்தால் உங்கள் முகம்தான் வருகிறது. அன்றைக்கு அந்த முகத்தை நினைத்துத்தான் அழுதேன். மதரிடம் சொன்னேன். "வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் எல்லோருக்கும் இது வரும், அவசரப்படாதே" என்றார்.

இங்கே சகோதரி செசிலி படுத்த படுக்கையாக இருக்கிறார். எண்பது தாண்டியவர். இரவெல்லாம் குளிரில் பல் கிட்டிக்கொள்கிறது. உங்கள் போர்வை வந்தால் அவருக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன்.

ஆறடி எதற்கு அக்கா?

அன்பரசி


மொரப்பூர்
10 டிசம்பர் 2024

என் அரசிக்கு,

இந்தக் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் வரை உன் கையில் கொடுக்க மாட்டார்கள். தெரிந்தே எழுதுகிறேன். என் சுகத்துக்குக் குறைவில்லை. உன் மனசு எப்படி இருக்கிறது? அழுதால் என்ன, அழு. அடக்கி வைக்காதே.

உன் கடிதம் வந்ததிலிருந்து ஒரே வேலையாக இருக்கிறேன். உள் அறைக்கு வெள்ளையடித்தேன். ஜன்னல் கதவு சாத்தவே வராது, அதை ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னேன். நம் இரட்டைக் கட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது, கொசுவலை மட்டும் புதிது. கடத்தூரில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆள் தேடுகிறார்களாம். நீ ஆசிரியர் பயிற்சி முடித்தவளாயிற்றே என்று ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். சும்மா சொல்கிறேன்.

போன வாரம் ஒரு கூத்து. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடியில் பாபின் நூல் தீர்ந்துபோனதைக் கவனிக்கவில்லை. மேல்நூல் இருந்ததால் அது கீக் என்று கூடச் சொல்லவில்லை. பாதி மத்தியானம் தைத்திருக்கிறது. எடுத்துப் பார்த்தால் தையலே இல்லை, ஊசி போன ஓட்டைகள்தான். இத்தனை நேரம் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். வாசற்கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு ஓசூருக்கு வரச் சொல்கிறான் தம்பி. நான் போகவில்லை. யாராவது வந்தால் வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது.

அக்கா


குன்னூர் மடம்
6 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்தும் புத்தாண்டு வாழ்த்தும். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? குளிர் காலத்தில் ஈரத் தரையில் நிற்காதீர்கள். நான் சுகம்.

காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது. முள்ளங்கி போய் இப்போது முட்டைகோஸ் வந்திருக்கிறது. பாட்டு சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். சகோதரி செசிலிக்கு நான்தான் தலை வாரி விடுகிறேன்.

அறைக்கு வெள்ளையடித்ததாக எழுதியிருந்தீர்கள். தூசி உங்களுக்கு ஆகாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு விசேஷம் இல்லை அக்கா.

அன்பரசி


மொரப்பூர்
1 மார்ச் 2025

என் அரசிக்கு,

நான் சௌக்கியம். உன் கடிதத்தில் பனி இருந்தது, கோஸ் இருந்தது. நீ இல்லை. பதில் எழுத எனக்கு மனசு வராமல் போனது அதனால்தான்.

போர்வை முடிந்துவிட்டது. கொடி நடுப்பூவிலிருந்து கிளம்பி நாலு ஓரத்துக்கும் போகிறது. ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் ஒடிகிறது, அன்று கரண்ட் போய்விட்டது. தீர்த்தம்மாள் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரு தாராளமா படுக்கலாங்க்கா" என்றாள். இன்று தபாலாபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்பதற்காக ஒரு வாரமாக வேறு வேலை பார்க்கவில்லை.

தவக்காலம் முழுக்க உன்னிடமிருந்து பதில் வராது. அதுவும் நல்லதுதான். அவசரம் இல்லை, யோசி. போர்வையை அங்கேயே வைத்துக்கொண்டாலும் சரி. எடுத்துக்கொண்டு இங்கே வந்தாலும் சரி. வீடு திறந்தே இருக்கும்.

ஈஸ்டர் முடிந்ததும் முதல் கடிதம் எனக்கு எழுது.

அக்கா


குன்னூர் மடம்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து. உங்கள் சுகத்தை அறிய ஆவல். நீங்கள் கேட்டபடி இதுதான் முதல் கடிதம்.

போர்வை சரியான நாளில் வந்தது. மேசைமேல் விரித்ததும் எல்லாச் சகோதரிகளும் சுற்றி நின்று பார்த்தார்கள். நீங்கள் ஏன் ஆறடி வைத்தீர்கள் என்று எனக்கு அக்டோபரிலேயே தெரியும் அக்கா. தெரிந்துகொண்டே எதற்கு என்று கேட்டேன். ஜனவரியில் பனியைப் பற்றி எழுதியதும் தெரிந்துதான். தவக்காலம் வந்தால் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று ஒளிந்துகொண்டேன்.

இத்தனை நாள் யோசித்தேன். நான் வரமாட்டேன் அக்கா.

அழுதது உண்மை. உங்களை நினைத்து அழுவேன், இனியும் அழுவேன். அதற்காக நான் இங்கே தவறி வந்துவிட்டதாக ஆகாது. எனக்கு இது பிடித்திருக்கிறது. இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

போர்வை எந்தக் கட்டிலுக்கும் பொருந்தவில்லை. தரையில் புரண்டு அழுக்காகிறது. "இரண்டாக வெட்டிவிடலாமா, உன் அக்கா வருத்தப்படுவாரா?" என்று மதர் கேட்டார். நானே வெட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கத்தரி எளிதில் இறங்கவில்லை. நடுவில் இருந்த பூ இரண்டாகிவிட்டது. ஒரு பாதி சகோதரி செசிலிக்குப் போயிற்று. அவர் இப்போது குளிராமல் தூங்குகிறார். மறுபாதியை உங்களுக்கே அனுப்ப மதர் அனுமதி கொடுத்தார். தனியாகப் பார்சலில் வரும்.

கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுங்கள்.

அன்பரசி


குன்னூர் மடம்
25 மே 2025

அக்காவுக்கு,

சுகமா? பார்சல் கிடைத்ததா?

சகோதரி செசிலியின் போர்வையைத் துவைத்தோம். வெட்டிய ஓரத்தில் தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்து பஞ்சு வெளியே வருகிறது. எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத்தான் தெரியும். அதற்காகவாவது இரண்டு வரி எழுதுங்கள்.

அன்பரசி


குன்னூர் மடம்
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பதாக அண்ணன், வெளியாட்களோடு பேசும் வாசல் சகோதரிக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். "அக்கா நல்லாத்தான் இருக்குது, அரசி பேச்சை எடுத்தா மட்டும் எழுந்து போயிடுது" என்றாராம். நலம் என்று தெரிந்ததே போதும்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாள் அன்று என் வார்த்தைப்பாடு. காலை பத்து மணிப் பூசை. அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். நீங்கள் வர வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நடக்கவும் பேசவும் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். அன்றைக்கு நான் பேசப்போவது கொஞ்ச வார்த்தைகள்தான். நீங்கள் இல்லாமல் அதைச் சொல்லப் பயமாக இருக்கிறது.

அன்பரசி


மொரப்பூர்
18 ஆகஸ்ட் 2025

என் அரசிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கோபத்தில் இருந்தேன், அதில் உடம்பு ஒன்றும் கெடவில்லை. உன் மூன்று கடிதமும் வந்தன. ஒவ்வொரு தடவையும் பேனாவை எடுப்பேன், "சரி" என்று எழுத வராது, மூடி வைத்துவிடுவேன்.

துணி அப்படி வந்துவிட்டது என்று எழுதினேனே, அது பொய். கடையில் குறுகலான துணியும் இருந்தது. நான்தான் அகலமானதைக் கேட்டு வாங்கினேன். நீ வந்துவிடுவாய் என்றுதான் ஒவ்வொரு சாணும் மாட்டினேன். இந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை அரசி. சமைத்தால் மீந்துபோகிறது, பேச ஒரு விஷயம் கிடைத்தால் சொல்ல ஆள் இல்லை. இதை மதர் படித்தால் படிக்கட்டும்.

உன் பார்சலைப் பிரித்து வெட்டிய ஓரத்தைப் பார்த்ததும் உன்னை அடிக்க வேண்டும் போலிருந்தது. குயில்டை யாராவது அப்படி வெட்டுவார்களா? வெட்டப்போகும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் முதலில் தையல் ஓட்ட வேண்டும், பிறகுதான் கத்தரி. இல்லாவிட்டால் கொடி முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும். என் பாதிக்கு ஓரத்தை மடித்துப் பட்டி கட்டிவிட்டேன். அதைத்தான் போர்த்திக்கொள்கிறேன். ஒரு ஆளுக்குத் தாராளம். செசிலி அம்மாவின் பாதிக்கும் பட்டி வெட்டி, ஊசி நூலோடு உங்கள் வாசல் சகோதரியிடம் கொடுத்திருக்கிறேன். கையாலேயே நெருக்கித் தை.

ஆமாம், பதினைந்தாம் தேதி நான் வந்திருந்தேன். முதல் நாளே மொரப்பூரில் ரயிலேறி, கோயம்புத்தூரில் இறங்கிப் பஸ் பிடித்தேன். தம்பியிடமும் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு முன்வரிசையில் இருந்தான். நான் கடைசிப் பெஞ்சில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கம்பிதான் தெரிந்தது, நீ தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

பூசை முடிந்ததும் எல்லோரும் உன்னைப் பார்க்கக் கம்பியருகில் போனார்கள். நான் போகவில்லை. கிட்டே வந்திருந்தால், "வூட்டுக்கு வந்துரு சாமி" என்று கேட்டிருப்பேன். வார்த்தை கொடுத்துவிட்டு நிற்பவளிடம் அதைக் கேட்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். நேரே வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

நீ வார்த்தைப்பாட்டை வாசித்தபோது இரண்டு இடத்தில் குரல் அடைத்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், "பாவம், புள்ள அழுவுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது அழுகை இல்லை. உனக்குச் சளி பிடித்திருக்கிறது. சளி என்றால் உனக்கு மூக்கில் வராது, நேரே தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே இருப்பவர்களுக்கு அது தெரியாது. அழுகை என்று நினைத்து மருந்து கொடுக்காமல் விட்டிருப்பார்கள். மதரிடம் சொல்லி, சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்து மூன்று வேளை குடி. குளிர்ந்த தண்ணீரில் துணி துவைக்காதே.

இப்போது தேவலையா? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அக்கா